மனு எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பாடம். உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

ஊட்டியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன், வீடு பந்தலூர் பக்கம். இந்த முறை எங்களுக்கு எழுத்து, ஜானர் (எழுத்து வகை), ரெட்டரிக் (கேட்பவர் மனதில் பதியச் சொல்லும் கலை) என்று ஒரு பேப்பர். உவமை, உருவகம், மேடைப்பேச்சு என்று ஏதோ வரும், மனப்பாடம் பண்ணி எழுதிவிடலாம் என்றுதான் வகுப்பில் பாதிப் பேர் நினைத்திருந்தோம். மேடம் வந்ததும் வராததுமாக எங்கள் பிளஸ் டூ கட்டுரைகளைப் பற்றிக் கேட்டார். முன்னுரை, குறிப்புச்சட்டம், உட்தலைப்பு, முடிவுரை, மேற்கோளுக்குக் கறுப்புப் பேனா, ஸ்கேல் வைத்து அடிக்கோடு. "இதை யார் படிப்பாங்கன்னு நினைச்சு எழுதினீங்க?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. யோசித்தால் பதில் எளிது: விடைத்தாள் திருத்தும் முகாமில் கட்டுக் கட்டாக முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆசிரியர். அவர் கண்ணில் படத்தான் அந்தக் கறுப்புப் பேனா. அந்தக் கட்டுரையை மட்டமான எழுத்து என்று திட்டுவது இப்போது ஃபேஷன், எனக்கு அப்படித் தோன்றவில்லை, அது தன் வேலையைச் செய்தது, மார்க் வந்தது. காலேஜுக்கு வந்த பிறகும் காதல் கடிதம் தவிர எல்லாவற்றையும் அதே முன்னுரை முடிவுரையில் எழுதிக்கொண்டிருந்ததுதான் வம்பு. (சிலர் அதையும்.)

பாடத்தில் முக்கியமாக இரண்டு அமெரிக்கர்கள் வருகிறார்கள். லாய்ட் பிட்சர் 1968-இல் எழுதியது: பேச்சோ எழுத்தோ சும்மா பிறப்பதில்லை, தீர்க்க வேண்டிய ஒரு குறை இருக்கும், அதைத் தீர்க்கக்கூடிய ஆள் எதிரில் இருப்பார், சொல்கிறவர் கையைக் கட்டிப்போடும் சங்கதிகளும் கூடவே இருக்கும். கரோலின் மில்லர் 1984-இல் ஒரு படி மேலே போகிறார்: ஜானர் என்பது வடிவம் மட்டும் அல்ல, ஒரே மாதிரிச் சூழல் திரும்பத் திரும்ப வரும்போது மனிதர்கள் செய்கிற செயல். ஹாஸ்டலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படித்தபோது இது எதுவும் ஒட்டவில்லை. 'புழக்கத்தில் இருக்கும் ஒரு எழுத்து வகையை நேரில் பார்த்து எழுதி வா' என்று அசைன்மென்ட் கொடுத்தார்கள். லீவில் கூடலூர் போய், தாலுகா ஆபீஸ் பக்கம் மனு எழுதும் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு பாட்டி வந்தார். எங்களைப் போலவே 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம், டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். யானை இறங்கி வாழையையும் பாக்கையும் சாய்த்துவிட்டது. அவர் கதையை எங்கே ஆரம்பித்தார் தெரியுமா, தாத்தா அந்தப் பாக்குக் கன்றுகளைத் தலையில் சுமந்து வந்ததிலிருந்து. பெரியவர் நிறுத்தவில்லை, கேட்டுக்கொண்டே வெள்ளைத்தாளை மடித்து ஓரம் விட்டார். பாட்டி மூச்சு வாங்கியபோது ஒரே கேள்வி: "இது யார் கைக்குப் போகணும்மா? ரேஞ்சரா, தாசில்தாரா, கலெக்டரா?"

எனக்குச் சட்டென்று நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. ஏனென்றால் பதிலைப் பொறுத்து மனுவே மாறுகிறது. ரேஞ்சருக்கு என்றால் 'பொருள்' என்ற இடத்திலேயே சேதமான தேதி, எந்த மரம், எத்தனை. தாசில்தாருக்கு என்றால் நிலம் முன்னால் வர வேண்டும். கலெக்டருக்கு, அதாவது திங்கள்கிழமை ஊட்டி பிங்கர்போஸ்டில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு என்றால் இதற்கு முன் யாரிடம் எப்போது கொடுத்தோம் என்கிற தேதிகளும் ரசீது எண்ணும்தான் முதல் பத்தி, யானை இரண்டாவதுதான். நிலம் என்றதும் அடுத்த சிக்கல். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஜென்மி என்ற பழைய நில உடைமையை ஒழிக்க வந்த 1969 ஜென்மச் சட்டத்தின் பிரிவு 17-இல் மாட்டிக்கொண்டு பட்டா இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. 'எனக்குச் சொந்தமான நிலம்' என்று எழுதினால் பொய்யாகிவிடும், எதுவும் எழுதாவிட்டால் மனு படுத்துவிடும். பெரியவர் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலேயே 'என் அனுபவத்தில் இருந்து வரும் நிலத்தில்' என்று எழுதிக்கொண்டு போனார். சொல்கிறவர் கையைக் கட்டும் சங்கதி என்று பிட்சர் சொன்னதை இதற்குமேல் எந்த புரொஃபசரும் விளக்க முடியாது.

தாத்தா சுமந்த கன்று மனுவிலிருந்து போச்சு. ஆனால் கடைசிக்கு முந்தின வரியில், "கணவரை இழந்த எனக்கு இதைத் தவிர வேறு வருமானம் இல்லை" என்று ஒன்றே ஒன்று வைத்தார். பிறகு 'ஆகவே ஐயா அவர்கள்'. அந்த ஒரு வரி ஏன் என்று கேட்டேன். "ரெண்டு வரி அழுதா படிப்பாங்க பாப்பா, ஒரு பக்கம் அழுதா புரட்டிருவாங்க." அரிஸ்டாட்டிலின் பேதாஸ் (கேட்பவர் உணர்ச்சியைத் தொடுவது) பற்றி நான் எடுத்து வைத்திருந்த குறிப்பு இதைவிடப் பெரியது, இதைவிடக் குறைவாகச் சொல்கிறது.

ஆனாலும் பெரியவரோடு எனக்கு ஒரு தகராறு உண்டு, மனதுக்குள்தான். பாட்டி சொன்னதில் ஒரு விஷயம் இருந்தது. மேலே ஒரு தோட்டத்தில் வேலி போட்ட பிறகுதான் யானைகள் பழைய தடத்தை விட்டு இவர் பக்கம் திரும்பின என்றார். அது மனுவில் வரவில்லை. நஷ்டஈட்டுக்கு அது தேவையில்லை, சரி, ஆனால் வனத்துறைக்குத் தெரிய வேண்டியது அதுதானே. மனுவில் அதற்கு இடமில்லை, அதனால் ஆபீஸில் அது யாருக்கும் தெரியாது. ஒரு எழுத்து வகை வேலையை முடித்துக் கொடுக்கும்போதே சிலவற்றைச் சொல்லவிடாமலும் செய்கிறது. இதை மில்லர் கட்டுரையை வைத்துத்தான் என்னால் பேச முடிந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. என் ரூம்மேட் தமிழ் எம்.ஏ. நான் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னால் அவள் கொட்டாவி விடுகிறாள். தொல்காப்பியச் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு வகை ஏற்கெனவே இருக்கிறதாம். பிசி என்கிற விடுகதையும் முதுசொல் என்கிற பழமொழியும்கூட அந்த வரிசையில் சரிசமமாக உட்கார்ந்திருக்கின்றன. நன்னூலின் பத்துக் குற்றங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும். டிராஃப்டைத் திருத்த எங்களுக்குக் கொடுத்த மதிப்பெண் அட்டவணையைவிட இது எவ்வளவோ மேல். வகுப்பில் வாசிக்கப்படும் செமினார் பேப்பரில் பாதிக்கு 'சென்று தேய்ந்து இறுதல்' பொருந்தும், ஆரம்பத்தில் பெரிய தோரணம், கடைசிப் பக்கத்தில் மூச்சு இல்லை. ஆனால் நன்னூல் எழுதிய பவணந்தி இதை நூலுக்கு, அதாவது இலக்கணம் மாதிரியான அறிவு நூலுக்குச் சொன்னார். கூறியது கூறலை எடுத்துவிட்டால் ஒப்பாரியில் என்ன மிஞ்சும்? ஓரிடத்தில் குற்றமாக இருப்பது இன்னோரிடத்தில் உயிராக இருக்கிறது. செமினாருக்கு இதைத்தான் எடுத்திருக்கிறேன். மலையில் இருப்பவர்கள் உங்கள் வேலையிலோ வீட்டிலோ இப்படி எழுதக் கற்றுக்கொண்டது இருந்தால் சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து:

தங்கச்சி, நான் தேயிலை ஏல வேலையில் இருக்கிறவன். குன்னூரில் ஏலம் 1963-இலிருந்து நடக்கிறது, எங்கள் எழுத்து ஒரு டீக்கு இரண்டு மூன்று வார்த்தைதான். மேஜை நீளத்துக்குக் கோப்பைகளை வரிசையாக வைத்திருப்பார்கள், ஸ்பூனில் எடுத்து சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு அடுத்தது. ருசி பார்க்கிறவர் நடந்துகொண்டே சொல்ல, பின்னால் ஒருவர் குறித்துக்கொண்டே வருவார். பிரிஸ்க், பிரைட், பிளாட், ஸ்மோக்கி. பிரிஸ்க் என்றால் நாக்கில் சுறுசுறுப்பாகப் பிடிக்கிறது, பிளாட் என்றால் உயிர் இல்லை. 'நன்றாக இருந்தது' என்று எழுதினால் சிரிப்பார்கள். ஒவ்வொரு வார்த்தையும் விலையை ஏற்றும் இறக்கும் என்பதால் அலங்காரத்துக்கு அதில் இடமே கிடையாது.

அதே டீயைப் பற்றி ஃபேக்டரிக்கு எழுதும்போது பாஷை வேறு. பிளாட் என்று எழுதி ஃபேக்டரிக்காரருக்கு என்ன பிரயோஜனம்? இலை வாட்டியது சரியில்லையா, டிரையரில் சூடு ஏறிவிட்டதா, எங்கே தப்பு நடந்தது என்று காரணத்தை எழுத வேண்டும், அதுவும் அவர் கோபப்படாத மாதிரி. புதுசாக வருகிற பையன்களுக்கு ருசி சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது, இந்தக் கடிதம்தான் வருவதில்லை. அப்புறம் ஒரு சொந்தக்காரர் டூரிஸ்ட்டுக்கு டீத்தூள் பாக்கெட் போடுகிறார், உறையில் அச்சடிக்க நாலு வரி எழுதித் தரச் சொன்னார். உறைபனிக் காலத்து டீ, நிஜமாகவே நல்ல சரக்கு. நான் பிரிஸ்க், பிரைட் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை எடுத்துவிட்டு பனிமூட்டம், நீலமலை, பாட்டி கைப்பக்குவம் என்று போட்டுக்கொண்டார். விற்கிறது. எனக்கு இன்னும் எரிச்சல்தான், ஆனால் வாங்குகிறவர் நாக்கால் வாங்கவில்லை, லீவு ஞாபகத்தை வாங்குகிறார் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொடைக்கானலிலிருந்து:

எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு ஜானர் உருவாகியிருக்கிறது. காட்டுமாடு தகவல். முதலில் இடம், அப்புறம் எத்தனை, குட்டி இருக்கிறதா, நேரம். "நாயுடுபுரம் ரேஷன் கடை சந்து, 2, குட்டி இருக்கு, 6.40." அவ்வளவுதான். குட் மார்னிங் பூ போட்டோவை அட்மின் தூக்கிவிடுவார். நேரம் போட ஆரம்பித்ததே, யாரோ மத்தியானம் அனுப்பியதை ராத்திரி ஃபார்வர்டு செய்து டியூஷன் போன பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்த பிறகுதான். ஒரு ஓய்வு பெற்ற தமிழாசிரியர் மட்டும் இன்றும் 'அன்பு நெஞ்சங்களே' என்று ஆரம்பித்து மாடு எங்கே நிற்கிறது என்பதை ஐந்தாவது வரியில் சொல்கிறார். அவர் மெசேஜ் வந்தால் கீழே இருந்து மேலே படிப்போம்.

கோத்தகிரியிலிருந்து:

ஒப்பாரி பற்றி எழுதியிருந்ததால் இதைச் சொல்கிறேன். நாங்கள் நீலகிரி மலைப் படகர். எங்கள் சாவுச் சடங்கில் ஒரு பெரியவர் பாவங்களை வரிசையாகச் சொல்வார். இறந்தவரும் அவர் முன்னோரும் செய்திருக்கக்கூடியவை, பாம்பைக் கொன்றது, பல்லியைக் கொன்றது, எல்லைக் கல்லை நகர்த்தியது என்று நீண்டுகொண்டே போகும், ஒவ்வொன்றுக்கும் சுற்றி நிற்பவர்கள் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். கூறியது கூறல் என்றால் இதுதான். சின்ன வயதில் எனக்கு ஒரே குழப்பம், எங்கள் தாத்தா ஒரு எறும்பைக்கூட மிதிக்கமாட்டார், அவர்மேல் ஏன் இவ்வளவு பழி என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா சொன்னது, "அது அவரைப் பத்தின பேச்சு இல்லடி, அவரை அனுப்பி வைக்கிற பேச்சு."

வெளியிலிருந்து வந்து எழுதியவர்கள் இதைக் 'குற்ற ஒப்புதல்' என்று பதிவு செய்திருக்கிறார்கள், 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மிஷனரிகள் எழுதிவிட்டார்கள். பட்டியல் கிடைத்துவிட்டது அவர்களுக்கு. ஆனால் அது கோர்ட் வாக்குமூலம் மாதிரிப் படிக்கப்படும்போது சரியாக வருவதில்லை, உண்மையா பொய்யா என்ற கேள்வியே அங்கே நிற்கிற யாருக்கும் எழாது. நீங்கள் சொன்ன அந்த மில்லர் அம்மா இங்கே ஒரு சாவுக்கு வந்திருந்தால் கட்டுரையை இன்னும் சுருக்கமாக எழுதியிருப்பார்! செமினாரில் இதைச் சேர்ப்பதாக இருந்தால், புத்தகத்திலிருந்து மட்டும் எடுக்காமல் ஊரில் சொல்கிற பெரியவர் ஒருவரிடம் பேசிவிட்டு எழுதுங்கள். நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பந்தலூர், மறுபடியும்:

அக்கா, கண்டிப்பாக வருகிறேன். கேட்காமல் இதைச் சேர்க்கமாட்டேன், எங்கள் மேடமும் விடமாட்டார். பாட்டி மனு என்ன ஆனது என்றால்: ரேஞ்ச் ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பாட்டி வி.ஏ.ஓ. சான்றுக்கு அலைகிறார், பணம் இன்னும் வரவில்லை. வந்தவர்களை நிற்க வைத்து வேலிக் கதையை முழுசாகச் சொல்லிவிட்டாராம், பாக்குக் கன்று உட்பட. குன்னூர் அண்ணா, ஃபேக்டரிக்கு எழுதும் கடிதம் ஒன்று, பெயரையெல்லாம் மறைத்துவிட்டு, போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? பழைய ஏலமாக இருந்தாலும் பரவாயில்லை. டீப் பாக்கெட் உறையை நானே ஊட்டி சேரிங்கிராஸில் வாங்கிக்கொள்கிறேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.