ஹைக்கூவில் எதை எண்ணுவது?

கேள்வி:
வணக்கம். சில ஆண்டுகளாக வெண்பா எழுதிப் பழகியவன் நான். சீரும் தளையும் கைப்பிடித்து நடத்திச் சென்ற எனக்கு, ஹைக்கூ என்னும் ஜப்பானியக் குறுங்கவிதையில் இறங்கியதும் பிடிமானமே இல்லாமல் போயிற்று. மூன்று வரிக்கு ஐந்து, ஏழு, ஐந்து என்கிறார்களே, அதைத் தமிழில் எழுத்தாக எண்ணுவதா, அசையாக எண்ணுவதா? எண்ணாமல் விட்டால், உரைநடை வாக்கியம் ஒன்றை மூன்றாக முறித்து வைப்பதிலிருந்து அது எவ்வாறு வேறுபடும்?

மறுமொழி 1:
ஜப்பானியர் எண்ணுவது 'ஓன்' என்னும் ஒலி அலகை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பதால் அது எழுத்து ஒலிக்கும் நேர அளவான நம் மாத்திரைக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் ஒற்று, அதாவது மெய்யெழுத்து, வருமிடத்தில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. 'நிப்பொன்' என்ற சொல் அவர்கள் கணக்கில் நி, ப், பொ, ன் என நான்கு ஓன். நமக்கு ஒற்று அரை மாத்திரை என்பதால் மூன்று மாத்திரை. அசை பிரித்தாலோ நேர் நேர், இரண்டே. ஒரு சொல்லே இப்படி மூன்று அளவாக நிற்கும்போது, பதினேழு என்ற எண்ணைத் தமிழில் காப்பாற்றுவதில் பொருளில்லை என்பது என் கருத்து. மூன்று வரி என்பதும் மொழிபெயர்ப்புகள் வழியே பரவிய வழக்கம். ஜப்பானியத்தில் மேலிருந்து கீழாக ஒரே வரியாக எழுதுவதே மரபு.

மறுமொழி 2:
காப்பாற்ற வேண்டியது வெட்டு. ஜப்பானியத்தில் 'யா' போன்ற வெட்டுச்சொல் கவிதையை இரண்டாகப் பிளந்து, இரு காட்சிகளையும் விளக்கமின்றி எதிரெதிரே நிறுத்துகிறது. பருவத்தைச் சுட்டும் சொல் ஒன்றும் உடன் வரும். நான் எழுதிய ஒன்று:

முதல் மழை;
ஆணியில் இன்னும் தொங்குகிறது
தாத்தாவின் குடை

தாத்தா இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால்தான் நீங்கள் அஞ்சும் முறித்த உரைநடையாகியிருக்கும். அளவு வேண்டுமென்றால், குறுகி, நீண்டு, மீண்டும் குறுகும் அந்த வடிவத்தை மட்டும் சீரில் கொண்டுவரலாம். மேலே இருப்பது இரண்டு, மூன்று, இரண்டு.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஏழு சீர் என்றதும் குறள் வெண்பாவின் நான்கும் மூன்றும் நினைவுக்கு வர, உங்கள் கவிதையை அசை பிரித்து அலகிட்டுப் பார்த்தேன். 'தொங்குகிறது' நிரையசையில் முடியும் மூவசைச் சீரான கனிச்சீர், வெண்பாவில் புகாது. ஆனால் 'குடை' ஒற்றை நிரையசைக்குரிய மலர் என்னும் வாய்பாட்டில், வெண்பாவின் ஈற்றுச்சீர் போலவே நின்றிருக்கிறது. வெட்டை முதல் அடியின் முடிவில் வைத்து, இந்த ஏழு சீர் அளவிலேயே எழுதிப் பழகப் போகிறேன்.