புதுப்பிப்பு: ஜப்பான் டெக்கை அப்படியே எடுத்துப் போனேன்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஜப்பானின் சிட்டி லீக் என்ற உள்ளூர்ப் போட்டியில் ஜெயித்த போகிமான் கார்டு விளையாட்டு டெக் (ஆடுவதற்கான கார்டுக் கட்டு) ஒன்றை, 60 கார்டில் ஒன்றைக்கூட மாற்றாமல் இங்குள்ள போட்டிக்கு எடுத்துப் போகலாமா என்று. பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். கேட்டேனா? 5 சுற்றில் 2 வெற்றி, 3 தோல்வி.

டெக் மோசமில்லை. அது எந்த விதியில் ஜெயித்தது என்பதைத்தான் நான் பார்க்கவில்லை. சிட்டி லீக்கில் ஒரு சுற்றுக்கு ஒரே ஆட்டம், 25 நிமிடம். நேரம் முடிந்துவிட்டால் இருவருக்கும் தோல்வி. அதனால் இழுத்தடிக்கும் டெக்கை அங்கே எடுத்துப் போவது தற்கொலை மாதிரி. அது அதிகம் வராது என்பதால், அதைச் சமாளிக்கும் கார்டுகளுக்கும் யாரும் இடம் ஒதுக்குவதில்லை. நான் ஆடியதோ ஒரு சுற்றுக்கு 50 நிமிடம், மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். மூன்றாவது சுற்றில் இழுத்தடிக்கும் டெக்கோடு வந்த ஒருவரிடம் வசமாக மாட்டி, எடுக்கக் கார்டே இல்லாமல் தோற்றேன்.

இன்னொன்று. அந்த டெக்கில் யாரும் எதிர்பார்க்காத ஒற்றை ஆச்சரியக் கார்டு ஒன்று இருந்தது; ஒரு சுற்றின் முதல் ஆட்டத்தில் அது அருமையாக வேலை செய்தது. இரண்டாவது ஆட்டத்தில் அதே எதிராளி அதற்காகவே காத்திருந்தார்!

சரி, ஜப்பானைப் பார்ப்பதை விடப்போவதில்லை. புதுக் கார்டுகள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் வருகின்றன. இப்போதைக்கு 3 கார்டை மாற்றியிருக்கிறேன். ஞாயிறு மறுபடி ஆடிவிட்டு எழுதுகிறேன்.