புதுப்பிப்பு: 28,000 கி.மீ. ஆயில் மாற்றாத கார், வாங்கவில்லை

10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயிலை 28,000 வரை மாற்றாமல் ஓட்டிய பெட்ரோல் காரை வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். வேண்டாம் என்று முடிவு.

டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. விற்பதற்காகப் புதிதாக ஊற்றியது. ஆனால் ஆயில் மூடியின் அடிப்பக்கம் தார் மாதிரிக் கறுப்புப் பிசின், விரலால் வழித்தால் திட்டாக வருகிறது. டிப்ஸ்டிக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் டைமிங் செயின் (எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் சங்கிலி) நாலைந்து விநாடி கடகடத்தது. எஞ்சின் சூடானபின் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினால் 2,000 ஆர்.பி.எம்.மில் 14 பி.எஸ்.ஐ.தான். 1,000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பொதுக் கணக்கு; அப்படியானால் 20 இருந்திருக்க வேண்டும்.

ஃபிளஷ் (உள்ளே படிந்த பிசினை இளக்கும் திரவம்) போடச் சொன்னவர்களுக்கு: இளகிய பிசின் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) உள்ள ஸ்ட்ரெய்னரை (ஆயில் உறிஞ்சும் வாயில் உள்ள சல்லடை) அடைத்தால் பேரிங்குக்கு ஆயிலே போகாது. முதலில் சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைக் கழுவ வேண்டும். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை.