பீட்டில் கூலிங் ஃபேனில் விரிசல், வெல்டிங் வைக்கலாமா? அவசரம்

வண்டுக்காரன்
வணக்கம் நண்பர்களே. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் வைத்திருக்கிறேன். பின்னால் எஞ்சின் பக்கமிருந்து கரகரவென்று உரசல் சத்தம். வேகம் கூட்டினால் சத்தமும் கூடுகிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு சில நொடி ஓடவிட்டால் சத்தமே இல்லை. கண்ணாடியும் டார்ச்சும் வைத்து ஃபேன் கூட்டுக்குள் பார்த்தேன். ஃபேனில் விரிசல் தெரிகிறது, ஒரு ரெக்கையும் வளைந்திருக்கிறது. இதை வெல்டிங் வைத்து ஓட்டலாமா? எந்த ராடு சரியாக இருக்கும்? வார இறுதிக்குள் வண்டி வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

நாலுசிலிண்டர்
எந்த வருட மாடல்? எஞ்சின் 1200 சிசியா, 1300ஆ, 1600ஆ? ஜெனரேட்டரா, ஆல்டர்னேட்டரா? விரிசல் ரெக்கை ஓரத்திலா, நடுவில் ஹப்பை (ஃபேனை ஷாஃப்ட்டோடு இணைக்கும் நடுப்பாகம்) சுற்றியா? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. படம் இருந்தால் போடுங்கள்.

வெள்ளைப்புகை
வெல்டிங் பக்கமே போகாதீர்கள் நண்பரே! அந்த ஃபேன் மெக்னீசியம் வார்ப்பு. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது.

நாலுசிலிண்டர்
@வெள்ளைப்புகை நீங்கள் சொல்வது போர்ஷே 911. அதில்தான் பல மாடல்களுக்கு மெக்னீசியக் கலவையில் வார்த்த ஃபேன். பீட்டிலின் ஃபேன் அழுத்தி வடித்த இரும்புத் தகடு. பீட்டிலில் மெக்னீசியக் கலவை என்றால் அது எஞ்சினின் கிராங்க் கேஸ், அதாவது அடிக்கூடு. அந்த எச்சரிக்கையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

பேரிங்பித்தன்
எனக்கு இதில் சந்தேகமே இல்லை, ஜெனரேட்டர் பேரிங்தான். ஃபேன் உட்கார்ந்திருப்பது ஜெனரேட்டர் ஷாஃப்ட்டின் முனையில். பேரிங் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும், ஃபேன் கூட்டில் உரசும், உரசி உரசித் தகடு கிழியும். ஃபேனை எத்தனை தடவை மாற்றினாலும் பேரிங்கை மாற்றாவிட்டால் மறுபடியும் இதே கதைதான். பெல்ட்டைக் கழற்றிய நிலையில் புல்லியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் தெரிந்தாலும் போதும், பேரிங்தான்.

பழங்கை
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. மேலே தேடல் பெட்டி இருக்கிறது, ஒரு தடவையாவது பயன்படுத்தியிருக்கலாம். வருடம் சொல்லவில்லை, எஞ்சின் சொல்லவில்லை, ஆனால் ராடு நம்பர் மட்டும் வேண்டும். தம்பி, காற்றாலேயே குளிரும் இந்த ஏர்கூல்டு வண்டியில் ஃபேன்தான் ரேடியேட்டர், ஃபேன்தான் வாட்டர் பம்ப். அது போனால் எஞ்சின் போனது. இந்த அடிப்படை தெரியாமல் இந்த வண்டியில் கை வைக்கக் கூடாது. ஃபேனை வெல்டிங் வைக்கக் கூடாது. அவ்வளவுதான் பதில்.

மூத்தஸ்பானர்
பழங்கை அண்ணன் சொன்ன பதில் சரி, ஆனால் ஏன் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

அந்த ஃபேன் எஞ்சினைப் போல சுமார் 1.8 மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. எஞ்சின் 4000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஃபேன் 7200 பக்கம். இப்போது மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரே ஒரு கிராம் வெல்டிங் உலோகம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். அந்த வேகத்தில் அது ஷாஃப்ட்டை இழுக்கும் விசை சுமார் 45 நியூட்டன், அதாவது நாலரை கிலோ எடை. அது நொடிக்கு 120 தடவை திசை மாறி மாறி பேரிங்கைக் குத்துகிறது. வெல்டிங் வைத்தவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ஒரு கிராமுக்குள் நிறுத்த முடியுமா? மெல்லிய தகடு என்பதால் சூட்டில் கோணவும் செய்யும். பேலன்ஸ் செய்துகொள்ளலாம் என்பீர்கள். செய்யலாம், ஆனால் பேலன்ஸ் செய்தால் அதிர்வு போகுமே தவிர தகட்டின் வலு திரும்பாது.

விரிசல் விழுந்தது தகடு களைத்துப்போனதால். கண்ணுக்குத் தெரிகிற கோட்டை மூடினால், வெல்டிங்கின் ஓரத்தில் சூடுபட்ட இடத்தில் அடுத்த கோடு கிளம்பும். விரிசலின் முனையில் துளை போட்டு நிறுத்தும் வித்தை மட்கார்டு, எஞ்சின் தகரம் போன்ற இடங்களுக்குப் பொருந்தும். சுற்றுகிற பாகத்துக்கு அதை நம்பாதீர்கள்.

எனக்கு இதைவிடக் கவலை வேறு ஒன்று. ரெக்கையில் ஏதாவது துண்டு காணாமல் போயிருக்கிறதா? போயிருந்தால் அது எங்கே இருக்கிறது? ஃபேன் தள்ளுகிற காற்று நேராக ஆயில் கூலருக்கும், சிலிண்டரைச் சுற்றிச் சூட்டை வெளியேற்றும் துடுப்புகளுக்கும்தான் போகிறது. ஒரு தகரத் துண்டு அங்கே அடைத்துக்கொண்டால் அந்தச் சிலிண்டர் மட்டும் தனியாக வேகும். டாஷ்போர்டில் அதைச் சொல்லும் விளக்கு எதுவும் கிடையாது. அந்தத் துண்டு விஷயம் தெரியும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

வேகக்குறை
மாற்று ஃபேன் கிடைக்கும் வரை கிராங்க்கில் சின்னப் புல்லி போட்டால் என்ன? ஃபேன் மெதுவாகச் சுற்றும், விரிசலுக்கும் சுமை குறையும். எஞ்சினுக்குக் கொஞ்சம் பவரும் மிச்சமாகும். நான் சின்னப் புல்லிதான் வைத்திருக்கிறேன், நெடுஞ்சாலையில் எந்தக் குறையும் இல்லை.

மூத்தஸ்பானர்
நெடுஞ்சாலையில் குறை தெரியாது, அங்கே எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. நெரிசலிலும் மேட்டிலும் ஆர்பிஎம் குறைவு, சூடு அதிகம். அங்கேதான் காற்று பற்றாமல் போகும். உடைந்த ஃபேனுக்கு இது மருந்து இல்லை.

வண்டுக்காரன்
1600 எஞ்சின், 72 மாடல். ஜெனரேட்டர்தான். விரிசல் நடுவில், நட்டைச் சுற்றி அரை வட்டமாக. துண்டு எதுவும் போனதாகத் தெரியவில்லை, சரியாகப் பார்க்க முடியவில்லை. புல்லியில் ஆட்டம் இல்லை. போன மாதம்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஜெனரேட்டர் மாற்றினார்கள், அதனால் பேரிங் புதியது.

நாலுசிலிண்டர்
போன மாதம் ஜெனரேட்டர் மாற்றியதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. பழைய ஃபேனையே புது ஜெனரேட்டரில் மாட்டினார்களா, அல்லது ஃபேனும் வேறா? 1971 மாடலிலிருந்து 1600க்கு வந்த கூட்டில் ஆயில் கூலர் பின்னால் தனி அறையில் இருக்கும், டாக்ஹவுஸ் என்பார்கள். அதற்கான ஃபேன் பழையதைவிடச் சில மில்லிமீட்டர் அகலம். பழைய கூட்டில் அகல ஃபேனை மாட்டினால் உரசும். உங்கள் கூட்டில் அந்தப் பின் அறை இருக்கிறதா?

பேரிங்பித்தன்
புது பேரிங் என்றால் நல்ல பேரிங் என்று அர்த்தம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டாலும் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரப்பு தெரியும்.

மூத்தஸ்பானர்
நட்டைச் சுற்றி அரை வட்டம் என்றால் எனக்குத் தோன்றுவது இதுதான்: நட் சரியாக இறுகவில்லை, அல்லது கண்மண் தெரியாமல் இறுக்கிவிட்டார்கள்.

ஃபேன் நட் 36 மி.மீ. பின் சக்கர ஆக்ஸில் நட்டும் அதே 36. ஆக்ஸில் நட்டுக்குச் சுமார் 300 நியூட்டன் மீட்டர் வேண்டும். ஃபேன் நட்டுக்கு வேண்டியது 55 முதல் 65 மட்டும். ஒரே சாக்கெட், ஒரே இம்பாக்ட் கன், ஒரே அழுத்தம் என்று போய்விட்டால் தகடு நசுங்கும். தளர்வாக விட்டால் ஃபேன் ஹப்பின் மேல் நுணுக்கமாக அசைந்துகொண்டே இருக்கும். கீ (ஹப் ஷாஃப்ட்டில் நழுவாமல் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டு) தேயும், அது உட்காரும் பள்ளம் அகலும், கடைசியில் தகடு நட்டைச் சுற்றிக் கிழியும்.

இன்னொன்று வாஷர். ஹப்புக்கும் ஃபேனுக்கும் நடுவில் போடும் மெல்லிய வாஷர்கள்தான் ஃபேனுக்கும் பின்தகட்டுக்கும் உள்ள இடைவெளியை முடிவு செய்கின்றன. அது சுமார் 2 மி.மீ. இருக்க வேண்டும். ஜெனரேட்டர் மாறினால் இந்த இடைவெளியும் மாறலாம், திரும்ப அளக்க வேண்டும். பழைய வாஷரை அப்படியே போட்டு மூடுவது நடக்கிறது. உங்கள் உரசல் சத்தத்துக்கு அதுவே போதுமான காரணம்.

எப்படிக் கழற்றுவது என்று சொல்லிவிடுகிறேன். பேட்டரி ஒயரை முதலில் எடுங்கள். பெல்ட், கார்பரேட்டர் எடுத்த பிறகு ஜெனரேட்டர் பட்டையைத் தளர்த்துங்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிள் கூட்டுக்குள் இருக்கும் குழாய் வழியாகப் போகிறது, அதையும் விடுவிக்க வேண்டும். அடியில், சூட்டுக்கு ஏற்பக் காற்று மடல்களைத் திறக்கும் தெர்மோஸ்டாட்டின் போல்ட்டைக் கழற்றாமல் கூட்டைத் தூக்கினால் அதன் கம்பி வளைந்துவிடும், பலரும் மறக்கிற இடம் இது. பக்கவாட்டு ஸ்க்ரூக்களையும் பின்தகட்டைப் பிடிக்கும் நான்கு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டால், கூட்டைச் சற்று உயர்த்தி ஜெனரேட்டரை ஃபேனோடு வெளியே எடுக்கலாம். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. நட்டைக் கழற்றும்போது ஃபேனை வைஸில் பிடிக்காதீர்கள். மறுமுனையில் புல்லியை மாட்டி, அதில் பழைய பெல்ட்டைச் சுற்றி, பெல்ட்டை வைஸில் இறுக்கிக்கொள்ளுங்கள்.

சூடுதணி
அவ்வளவு தூரம் பிரித்தாகிவிட்டது அல்லவா, அப்படியே தெர்மோஸ்டாட்டையும் அந்தக் காற்றுத் தடுப்பு மடல்களையும் கழற்றி எறிந்துவிடுங்கள். குளிர் நாட்டுக்காரர்கள் வைத்தது. வெயில் ஊரில் அதனால் ஒரு பயனும் இல்லை. காற்று தாராளமாகப் போகட்டும்.

பழங்கை
இந்தத் தவறான யோசனையை யார் பரப்புவது என்று இவ்வளவு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். தெர்மோஸ்டாட் 65 முதல் 70 டிகிரியில் மடல்களை முழுக்கத் திறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த வெயிலிலும் அது ஒன்றையும் தடுப்பதில்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடத்தில் எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்குவது அதுதான். எடுத்துவிட்டால் சிலிண்டர் தேயும், ஆயிலில் ஈரம் தங்கும். மடல்கள் திறந்த நிலையில் காற்றைச் சரியான பக்கம் திருப்பவும் செய்கின்றன. இதைப் படித்துவிட்டாவது எழுதுங்கள்.

சூடுதணி
படித்துத்தான் எழுதுகிறேன் ஐயா. மடல் துருப்பிடித்து மூடியபடியே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறதா? அப்படிச் சிக்கி எஞ்சின் போன வண்டியை நானே பார்த்திருக்கிறேன்.

நாலுசிலிண்டர்
தெர்மோஸ்டாட்டின் பெல்லோஸ் (சூட்டில் விரியும் மடிப்புக் குப்பி) ஓட்டையானால் அது விரிந்து மடலைத் திறந்துவிடும், அந்தப் பக்கம் பயம் இல்லை. மடலின் கம்பி துருப்பிடித்தால் சிக்கும், அதை மறுக்கவில்லை. அதற்கு எண்ணெய் போட்டு அசைத்துப் பார்ப்பதுதான் வழி, கழற்றி எறிவது இல்லை.

சூடுதணி
எத்தனை பேர் அப்படிப் பார்க்கிறார்கள்? பராமரிக்க மாட்டார் என்று தெரிந்தவரிடம் இருக்கும் வண்டிக்கு மடல் இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு.

பழங்கை
பராமரிக்காதவர் ஏர்கூல்டு வண்டி வைத்திருக்கக் கூடாது.

வெள்ளைப்புகை
மூன்றாவது சிலிண்டர் அதிகமாகச் சூடாவதற்கும் இந்த மடலுக்கும் தொடர்பு உண்டா?

நாலுசிலிண்டர்
இல்லை. பழைய கூட்டில் ஆயில் கூலர் உள்ளேயே நின்று மூன்றாவது சிலிண்டருக்குப் போகிற காற்றை மறித்தது, அதனால்தான். டாக்ஹவுஸ் கூட்டில் கூலரைப் பின்னால் தள்ளி வைத்ததே அதற்காகத்தான். வேறு இழை தொடங்குங்கள், இங்கே ஃபேனைப் பற்றிப் பேசுவோம்.

மூத்தஸ்பானர்
வண்டுக்காரன், பிரித்தீர்களா? கூட்டைத் தூக்கியதும் சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள், எலிக்கூடும் காய்ந்த இலையும்கூட இருக்கும். ஹப்பையும் கீயையும் பார்க்காமல் புது ஃபேனை மாட்டாதீர்கள். மாட்டிய பிறகு, மிஞ்சிய வாஷர்களை ஃபேனுக்கு வெளிப்பக்கம், லாக் வாஷருக்கு அடியில் வையுங்கள், உள்ளே எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் 15 மி.மீ. அளவு தாழ வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் பேரிங்பித்தன் சொன்ன நிலைமைதான் வரும்.

பேரிங்பித்தன்
அதைத்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

வண்டுக்காரன்
பிரித்தாகிவிட்டது. நட் கையாலேயே கழன்றது. கீ பாதி தேய்ந்திருந்தது, ஹப்பில் பள்ளமும் அகன்றுவிட்டது. உள்ளே வாஷர் ஒன்றுகூட இல்லை. ஃபேன், ஹப், கீ மூன்றும் மாற்றினேன், வாஷர் போட்டு இடைவெளி வைத்தேன். சத்தம் போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

மூத்தஸ்பானர்
நல்லது. பழைய ஃபேனில் துண்டு ஏதாவது குறைந்திருந்ததா? இடைவெளி ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எவ்வளவு வந்தது, ஒரே இடத்தில் அளந்தீர்களா, ஃபேனைச் சுற்றிச் சுற்றி அளந்தீர்களா? நட்டுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்தீர்களா?

நாலுசிலிண்டர்
பழைய ஃபேனின் படம் இருந்தால் போடுங்கள். பிறகு தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

சூடுதணி
தெர்மோஸ்டாட் இருந்ததா?