புதுப்பிப்பு: பாலைவனப் பூங்காக்களில் கூடாரப் பயணம்

கலிபோர்னியாவின் ஜோசுவா ட்ரீ, மொஹாவி, டெத் வேலி மூன்றையும் பிள்ளைகளோடு காரில் சுற்ற, முன்பதிவின்றிக் கிளம்பலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

வார நாளில் போகச் சொன்னவர்களுக்கு நன்றி. ஜோசுவா ட்ரீயின் ஹிடன் வேலி கூடாரத் தளத்தில், முதலில் வருபவருக்கே இடம் என்பதால், காலையிலேயே பாறையோரமாக ஓர் இடத்தைப் பிடித்துவிட்டோம். அங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது. கேன்களில் கொண்டு போவதைத் தவிர வழியில்லை.

கள்ளித் தோட்டத்தில் மகளின் காலணியை ஒரு முள்ளுருண்டை கவ்விக்கொண்டது. கையால் பிடுங்கப் போன அவள் அப்பாவைத் தடுத்து, சீப்பைச் செருகி நெம்பினேன். உருண்டை தெறித்துப் போய் விழுந்தது. சீப்பு யோசனை சொன்ன புண்ணியவான் வாழ்க!

மொஹாவியில் கெல்சோ மணல்மேட்டில் சரிந்து இறங்கினால், உலர்ந்த மணல் நிஜமாகவே உறுமுகிறது. பிள்ளைகளைக் கீழே இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

டெத் வேலியில் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உள்ள பேட்வாட்டர் உப்பு வெளியில் நடந்தோம். இரவில் காற்று கூடாரத்தைப் புரட்டியெடுத்ததால் காரிலேயே உறங்கினோம். பெட்ரோலைப் பூங்காவுக்கு வெளியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். உள்ளே விலை கண்ணைக் கட்டுகிறது.