தலைமயிர் வெட்ட யாரிட்டக் கேக்கிறது? (ஃபோஸ்டரிங் செய்யிற ஆக்கள் எழுதுங்கோ)

பெத்தவையோட இருக்க ஏலாம கவுன்சில் (உள்ளூராட்சி) பராமரிப்பில இருக்கிற பிள்ளையளைத் தங்கட வீட்டில வச்சுப் பாக்கிற ஆக்கள், பாக்க யோசிக்கிற ஆக்கள், அப்பிடி வளந்த பிள்ளையள் எல்லாரும் எழுதுங்கோ, முதல்ல என்ரைய சொல்லுறன்.

லண்டன்ல நேரா கவுன்சிலுக்குச் செய்யிறம், ஏஜென்சி இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு டியூட்டி டீம்ல இருந்து போன், 8 வயசுப் பெடியன், திங்கள் மட்டும் வச்சிருக்க ஏலுமோ எண்டு. (அந்தத் திங்கள் வர 14 மாசம் ஆச்சு.) ரெண்டு கறுப்புக் குப்பை பாக்கோட வந்து இறங்கினான். ஒண்டுக்குள்ள உடுப்பு, மற்றதுக்குள்ள ஷாம்பூ ஊத்துப்பட்டு பள்ளிக்கூடக் கொப்பியெல்லாம் வழுவழுப்பு. மூண்டு கிழமையா அலுமாரியப் பாவிக்கேல்ல, தோய்ச்சுக் குடுக்கிற உடுப்பையும் மடிச்சு அந்தப் பாக்குக்குள்ளயே வைப்பான்.

வரேக்கயே மயிர் கண்ணை மறைச்சது. வெட்டிவிட எனக்கு உரிமை இல்லை. 1989 சிறுவர் சட்டத்தில செக்‌ஷன் 20 எண்டா தாய் சம்மதிச்சு விட்ட பிள்ளை, பொறுப்பு தாயிட்டத்தான், கவுன்சிலுக்குக்கூட இல்லை. தாய் போன் எடுக்கிறேல்ல, சோஷியல் வேர்க்கருக்கு ஈமெயில் போட்டா அவ வேலைய விட்டிட்டா, அடுத்தவர் ஃபைல் பாக்கோணும் எண்டார், 5 கிழமையில அவரும் போயிட்டார். அதுமட்டும் பெடியன் என்ர மகளின்ர மஞ்சள் கிளிப்பைக் குத்திக்கொண்டு இருந்துதான் ஹோம்வேர்க் செய்தவன், பள்ளிக்கூடம் போகேக்க கழட்டி செருப்பு ராக்கையில வச்சிட்டுப் போவான்.

பிள்ளை எப்பிடி இருக்குது எண்டு பாக்கிற கூட்டம், ரிவியூ எண்டுறது, முதலாவதை 20 வேலை நாளுக்குள்ள வைக்கோணும், வச்சவை, ஆனா மயிரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல, சின்ன விசயம் எண்டு நானும் வாய் திறக்கேல்ல, அது என்ர பிழை. ரெண்டாவது ரிவியூவிலதான் ஐ.ஆர்.ஓ, கவுன்சில் சொன்னதைச் செய்யுதோ எண்டு பாக்கிற அந்த அம்மா, அவனிட்டயே என்ன வேணும் எண்டு கேட்டா. "ஹெயர் கட்" எண்டான். பெரிய ஆக்கள் 6 பேர் இருந்தனாங்கள், எல்லாரும் பேப்பரைப் பாக்கினம். டெலிகேட்டட் அதோரிட்டி, அதாவது இப்பிடிச் சின்ன முடிவுகளை வச்சுப் பாக்கிற ஆக்களே எடுக்கக் குடுக்கிற அதிகாரம், எண்ட சொல்லை அண்டைக்குத்தான் முதல்முதல் கேட்டன்.

---

அக்கா, நாங்க ரெடிங்ல இருக்கோம், சொந்த ஊரு திருச்சி, நான் நர்ஸ். இப்பதான் பேனல் (நாங்க பிள்ளை வளர்க்கத் தகுதியானவங்களானு பாக்குற குழு) முடிஞ்சு அப்ரூவ் ஆச்சு. ஃபார்ம் எஃப்னு ஒரு அசெஸ்மென்ட், மாசக்கணக்கா வீட்டுக்கு வந்து நோண்டி நோண்டி கேட்டாங்க, உங்க அப்பா உங்கள அடிச்சாரா, அடிச்சப்போ எப்படி இருந்துச்சுன்னு, என் வீட்டுக்காரர் "எல்லா வீட்லயும் அடிக்கிறதுதானே"ன்னு சிரிச்சிட்டே சொல்லிட்டு அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்ல. நம்ம ஆளுங்க "சோஷியல் சர்வீஸா, பிள்ளைய புடிச்சிட்டு போறவங்களாச்சே"ன்னு பயப்படுறாங்க, கோயில்ல ஒருத்தங்க என்கிட்டயே சொன்னாங்க. ஆனா இங்கிலாந்துல 80 ஆயிரத்துக்கு மேல பிள்ளைங்க கவுன்சில் பராமரிப்புல இருக்காங்க, வீடு வேணும்ல?

நீங்க சொன்ன அந்த டெலிகேட்டட் அதோரிட்டி கேரருக்கு (வளக்குறவங்களுக்கு) தானாவே வந்துடணும்னு, இங்கிலாந்து பிள்ளைகள் பராமரிப்பை ஆராய்ஞ்ச 2022 மக்கலிஸ்டர் ரிப்போர்ட்லயே சொல்லியிருக்காங்கனு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. அப்போ இன்னும் ஏன் ஒவ்வொண்ணா கேக்க வேண்டியிருக்கு? அந்த அதிகாரத்த எழுதிக் குடுக்குற ஃபார்ம எப்போ கேக்கணும்?

---

நான் அங்கால் பக்கத்து ஆள், வளந்த பிள்ளை. 15 வயசில தனிய வந்தனான், குரொய்டன்ல ஒரு ஜமேக்கா அம்மா வீட்டில விட்டவை. கவுன்சில் என்ர வயசை நம்பேல்ல. தோற்றத்தை மட்டும் பாத்து வயசு சொல்லக்கூடாது எண்டு 2003இல மேர்ட்டன் வழக்கிலயே தீர்ப்பு இருக்கு, அதால ரெண்டு சோஷியல் வேர்க்கர் வந்து இருந்து கேக்கிறது. மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டு ஆள், நல்ல மனுசன், ஆனா "மாமா எனக்குப் பேசினவர், அதுதான் வீட்டை விட்டு வெளிக்கிட்டனான்" எண்டு நான் சொல்ல, மாமா கதைச்சதால வெளிக்கிட்டனான் எண்டு போட்டிட்டார். எங்கட இலங்கைத் தமிழில பேசுறது எண்டா ஏசுறது! கதை பொருந்தேல்லையாம். அதைத் திருத்த மாசக்கணக்கு. அந்த அம்மாதான் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் பக்கத்தில வந்து இருந்தவ, ஒரு வசனமும் விளங்காது, என்ர குரல் மாறினா மட்டும் "நிப்பாட்டுங்கோ" எண்டுவா.

18 ஆகேக்க வெளிய போகச் சொல்லுவினம் எண்டு நினைச்சன். 2014 பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தால வந்த ஸ்டேயிங் புட் எண்ட ஏற்பாட்டில ரெண்டு பேருக்கும் விருப்பம் எண்டா 21 மட்டும் அதே வீட்டில இருக்கலாம். ஆனா அம்மாவுக்கு வாற காசு குறைஞ்சது, எவ்வளவு எண்டு எனக்குச் சொல்லவே இல்லை, தான் ஒரு நைட் ஷிஃப்ட் கூட எடுத்தவ. இதை 16 வயசிலயே கதைக்கத் தொடங்குங்கோ, 17 முக்காலில இல்லை.

---

திருச்சித் தங்கச்சி, பிளேஸ்மென்ட் பிளான் மீட்டிங்கில, பிள்ளையை உங்கட வீட்டில எப்பிடிப் பாக்கிறது எண்டு திட்டம் போடுற கூட்டத்தில, கேளுங்கோ, பிள்ளை வரமுதல் வைக்காட்டி வந்து 5 வேலை நாளுக்குள்ள வைக்கோணும். மயிர் வெட்டு, ஸ்கூல் ட்ரிப், கூட்டாளி வீட்டில படுக்கிறது, ஃபோட்டோ, பல் டொக்டர், ஒவ்வொண்டுக்கும் ஆர் முடிவெடுக்கிறது எண்டு எழுத்தில வாங்குங்கோ. வாயால "பரவாயில்லை" எண்டுறவை அடுத்த மாசம் அங்க இருக்காயினம். தம்பி சொன்ன மாதிரி மொழிபெயர்ப்பாளருக்கும் எந்த ஊர்த் தமிழ் எண்டு கேட்டு எழுதுவிக்கோணும் போல.

என்ர பெடியன் இப்ப தன்ர சித்தியோட. நீலச் சூட்கேஸ் வாங்கிக் குடுத்தன், சில்லு வச்சது. குப்பை பாக்கை எறியட்டோ எண்டு கேட்டதுக்கு வேண்டாம் எண்டு மடிச்சு அதுக்குள்ள வச்சிட்டான்.