கிளிநொச்சி: அடமான வீடு ஏலத்துக்கு வருகிறது, சட்ட ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மீள்குடியேறிய பின் இரணைமடுவுக்கு அருகே நாங்கள் கட்டிய வீட்டை, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஏலம் விடப்போவதாக வங்கி பதிவுத்தபாலில் அறிவித்திருக்கிறது.

2019 இல் காணி உறுதியை ஈடுவைத்து, மாறும் வட்டியில், 15 ஆண்டுத் தவணைக்கு 30 இலட்சம் ரூபாய் பெற்றோம். தொடக்கத்தில் மாதத் தவணை 36,500 ரூபாய். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதைத் தொடர்ந்து, அது 57,000 ரூபாயைத் தாண்டியது. அதே காலத்தில் உரமில்லாமல் நெல்லும் கைவிட்டது. பின்சுவர் இன்றுவரை பூசப்படாமல் செங்கல்லாகவே நிற்கிறது; பூச்சுக்கு ஒதுக்கிய பணமும் தவணைக்கே போனது.

தாலிக்கொடியை விற்று 4 இலட்சம் கட்டினோம். தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம். வாய்மொழியாக மறுத்தார்களே தவிர, எழுத்தில் பதில் தரவில்லை. நிதித்துறைக் குறைதீர் அதிகாரிக்கும் முறைப்பாடு அனுப்பியுள்ளோம்.

வங்கிகள் கடனை அறவிடுவது பற்றிய 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வட்டியும் தண்டமும் சேர்க்காத கடன் முதல்தொகை 50 இலட்சத்துக்குக் குறைவாக இருந்தால், வழக்கின்றி ஏலம் விடும் அதிகாரத்தை வங்கி பயன்படுத்த முடியாது என்று வாசித்தேன். எங்கள் முதல்தொகை 30 இலட்சம் மட்டுமே. வட்டியோடுதான் 50 இலட்சத்தை மிஞ்சியதாகக் கடிதம் காட்டுகிறது. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இந்த வரம்பைக் காட்டி ஏலத்தை நிறுத்திய அனுபவமுள்ளவர்கள், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முதலில் எங்கே, எந்த ஆவணங்களுடன் போக வேண்டும் என்று சொல்வீர்களா?